நடுத்தளத்தில் நிற்பவர்

பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, மூன்று தளங்கள் கொண்ட உணவகம் ஒன்று இருக்கிறது. கீழ் இரண்டு தளங்களில் சாப்பாடு. மேல்தளத்தில் வைன் பார். அதன் உள்ளமைப்பு முழுவதையும் வரைந்தவள் என் மகள் கயல்விழி. வேலை பாதியில் இருந்தபோது, சென்ற மழைக்காலத்தில், ஒரு காய்ச்சலில் அவள் போய்விட்டாள். மீதி வேலையை முடித்துவிட்டதாகவும், திறப்பதற்கு முன் நான் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்றும் உரிமையாளர் தனசேகர் தொலைபேசியில் அழைத்திருந்தார். பினாங்கிலிருந்து நான் புறப்பட்டதற்குக் காரணம் அவ்வளவே.

என் மனைவி சரோஜா வரவில்லை. "மூணு மாடியிலயும் உட்காந்து பாத்துட்டு வாங்க" என்று சொல்லி, புதுக் குடையை எடுத்து என் இடது கையில் மாட்டிவிட்டாள். பினாங்கில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதனால் குடையின்றி நான் வெளியே இறங்குவதில்லை. அது பல்லாண்டுப் பழக்கம்.

மகளின் உடலைக் கொண்டுபோக வந்தபோதும் இதே சாலையில் சென்றிருக்கிறேன். அப்போது எதையும் பார்க்கவில்லை. ஆகவே இதையே முதல் பயணமாக வைத்துக்கொள்கிறேன்.

குமணன்சாவடிச் சந்திப்பில் எல்லா வண்டிகளும் எல்லாத் திசைகளுக்கும் ஒரே நேரத்தில் போக முயன்றுகொண்டிருந்தன. மேலே மெட்ரோ தூண்கள்; கீழே லாரிகள், தண்ணீர் வண்டிகள், வாழைத்தார் ஏற்றிய ஒரு மிதிவண்டி. பினாங்கில் இவ்வளவு நெரிசலில் மனிதர்கள் கோபித்துக்கொள்வார்கள். இங்கே ஒலிப்பானை அழுத்திவிட்டு அமைதியாக இருந்தார்கள். நான் ஏறிய ஆட்டோவின் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"சென்னீர்குப்பத்துல எங்க நைனா?"

புதிதாகத் திறக்கப்போகும் உணவகம் என்றேன்.

"அந்த ஓட்டத் தகடு ஓட்டலா? ஃபுல்லா ஓட்ட ஓட்டயா கீதே. எவன் பிளான் போட்டானோ."

"என் மகள்" என்றேன்.

அவர் கண்ணாடியைச் சற்றுத் திருப்பிவிட்டு வண்டியை ஓட்டினார். இறங்கும்போது, நான் கேட்காமலே, "ராவுல லைட்டு போட்டா சோக்கா இருக்கும் நைனா. நம்ம வண்டி லைட்டுகூட உள்ள போயி ஆடும்" என்றார். அவர் சொன்னது உண்மை என்பதை அன்று மாலையே கண்டேன். அவருக்கு நன்றி.

உணவகத்தின் முகப்பை மறைத்து நின்றது ஒரு துளைத் தகட்டுத் திரை. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை அடித்து எடுத்தபின் மிஞ்சும் சல்லடை போன்ற தகடுகள் பழைய இரும்பு விலைக்குப் போகும். கயல் அவற்றை வாங்கி, துரு நீக்கி, ஒன்றோடொன்று சேர்த்து மூன்று தள உயரத்துக்கு நிறுத்தியிருந்தாள். இருட்டியதும், நெடுஞ்சாலையில் போகும் ஒவ்வொரு வண்டியின் வெளிச்சமும் அந்தத் துளைகளின் வழியே நுழைந்து, உள்சுவரில் காசுகளைப்போல் ஊர்ந்து மறைந்தது.

வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு குறுகிய நடை, சொரசொரப்பான சுவர்கள், கை கழுவும் தொட்டி. நடை ஒருமுறை திரும்புகிறது. அந்தத் திருப்பத்திலேயே லாரிகளின் இரைச்சல் நின்றுவிடுகிறது. அதைத் தாண்டினால் மூன்று தளங்களுக்கும் நடுவே வெட்டவெளியாக விடப்பட்ட ஒரு கூடம். அதைச் சுற்றிப் படிகள் ஏறுகின்றன. கீழ்த்தளம் குடும்பங்களுக்கானது: வெளிச்சம் அதிகம், மேசைகள் பெரியவை, தரை சிவப்பு. மேலே போகப் போக வெளிச்சம் குறைகிறது, மேசைகளும் சிறுக்கின்றன. வைன் அறையைக் கீழே அமைப்பதுதானே வழக்கம் என்று தனசேகரிடம் கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன் ஐயா. மேடம் சிரிச்சாங்க. 'இங்க கீழ வெச்சா டிசம்பர்ல பாட்டில் மிதக்கும்'னாங்க."

தனசேகருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. தந்தை ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். தனசேகர் அந்தத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். பின்புறம் உள்ள தங்கும் விடுதியும் அவருடையதே. அதில் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்.

கீழ்த்தளத்து மேசையில் என்னை உட்காரவைத்து இட்லி வரவழைத்தார். சமையற்காரர்கள் ஒத்திகையில் இருந்தார்கள். ஆகவே இட்லியைத் தொடர்ந்து பொங்கலும், பொங்கலைத் தொடர்ந்து எவரும் கேட்காத பூரியும் வந்தன. உண்ணும்போது தற்செயலாக மேலே பார்த்தேன். நடுத்தளத்தின் கைப்பிடிக் கம்பியருகே ஒருவர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதைக்குத் தலையசைத்தேன். அவர் பதிலுக்கு அசைக்கவில்லை.

"அது இரும்பு ஐயா" என்றார் தனசேகர். குரலில் சற்றுச் சங்கடம்.

அப்போது உள்ளே வந்தவர் யூசுப் பாய். பூந்தமல்லிக்காரர், அம்பத்தூரில் இரும்புப் பட்டறை வைத்திருப்பவர், திரையையும் படிகளையும் செய்தவர். என்னை வணங்கிவிட்டு நேராகச் செய்திக்கு வந்தார்.

"நீங்க ட்ராயின் வாத்தியாராமே சார். நீங்களே சொல்லுங்க. படத்துல ஒசரம் தெரியறதுக்கு ஒரு ஆள நிக்க வெப்பாங்களா இல்லியா? அது அளவுக்குப் போட்ட ஆளு. இவரு கேக்கமாட்டேன்றாரு. அதையும் செஞ்சி வைன்னு ஒத்தக்கால்ல நின்னாரு."

தனசேகர் என் பக்கம் திரும்பினார். "மேடம் போனப்புறம் நான் ஒண்ணு முடிவு பண்ணேன் ஐயா. அவங்க தாள்ல இருக்கிறது எதையும் விடக்கூடாது. எதையும் கூட்டவும் கூடாது. அவ்ளோதான்."

"கீழ ஒரு நாயிகூட போட்டுகீது பாப்பா. அதையும் செய்யட்டான்னு கேட்டேன் சார்."

"சாப்பாட்டுக் கடையில நாய் எதுக்கு பாய்?"

"ஆளு வேணும், நாயி வேணாம். இது இன்னா கணக்கு அண்ணாத்தே?"

இருவருக்கும் இடையே இந்த வழக்கு மாதக்கணக்கில் நடந்துவருகிறது என்று தெரிந்தது. தோற்றவர் வேலை செய்த அனைவருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்று பந்தயமும் கட்டியிருந்தார்கள். இப்போது அதற்கு அவசரம் வந்துவிட்டது. மது அருந்த வருகிறவர்கள் இருட்டில் நிற்கும் அந்த உருவத்தைக் கண்டு அஞ்சுவார்கள் என்று தனசேகரின் மைத்துனர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேடம் வேணும்னே வெச்சதுன்னா யாரு சொன்னாலும் எடுக்கமாட்டேன். வெறும் அளவுதான்னா, திறக்கிறதுக்கு முன்னாடி எடுத்துடறேன். நீங்க சொல்றதுதான் முடிவு ஐயா" என்றார் தனசேகர்.

பினாங்கில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் வரைபடம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் மாணவர்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: கட்டடத்தின் பக்கத்தில் ஓர் ஆளை வரையுங்கள், இல்லாவிட்டால் அது கோயிலா கோழிக்கூண்டா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. சாப்பாட்டு மேசையில் கயலுக்கும் அதைச் சொல்லியிருக்கிறேன். ஆகவே விடை எனக்கு உடனே தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்து, மறுபடி மேலே பார்த்தேன்.

நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து போயிற்று. அதன் வெளிச்சத்தில் இரும்பு மனிதர் தெளிவாகத் தெரிந்தார். கழுத்து சற்று முன்னே நீண்டிருந்தது. இடது தோள் தாழ்ந்திருந்தது. இடது கையில், கணுக்கள் தெரியும் வளைந்த பிடியோடு, குடை தொங்கியது. வலக்கை கம்பியைப் பற்றியிருக்கவில்லை. விரல் நுனிகளால் தொட்டுக்கொண்டிருந்தது. கம்பியின் உயரம் சரிதானா என்று சோதிப்பவரின் கை அது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், படகுத்துறை என்று எங்கே போனாலும் நான் கைப்பிடிகளை அப்படித் தொட்டுப் பார்ப்பேன். சிறுமியாக இருந்தபோது கயல் அதற்கு வெட்கப்பட்டு, என்னைத் தெரியாதவள்போல் தள்ளிப்போய் நிற்பாள்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

மறுநாள் யூசுப் பாயின் பட்டறையைப் பார்க்கப் புறப்பட்டேன். கார் அனுப்புவதாகச் சொன்ன தனசேகரிடம் வேண்டாம் என்றேன். கயல் பேருந்திலும் ரயிலிலும் போய்வந்தவள். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை பேருந்தில் எந்தக் குறையும் இல்லை. ஆவடியில் எதிர்த்திசை ரயிலில் ஏறிவிட்டேன். பெயர்ப்பலகைகளைப் படித்தேன், படித்தது மனத்துக்குள் போகவில்லை. பட்டாபிராமில் இறங்கி நின்றபோது, நடைமேடை இருக்கையில் இருந்த ஒரு பெண்மணி என்னைக் கவனித்தார்.

"எங்க போகணும் சார்?"

"அம்பத்தூர்."

"அம்பத்தூருக்கு இங்க வந்து நிக்கிறீங்களே. நானும் அந்தப் பக்கம்தான் போறேன். உக்காருங்க, வரும்." கணவர் தொழிற்சாலையில் வேலை செய்வதாகவும், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டதாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே பையிலிருந்து டப்பாவைத் திறந்து நீட்டினார், எலுமிச்சைச் சோறு. "எடுத்துக்கோங்க. பொண்ணுக்குக் கொண்டுபோறேன். அவளுக்கு எப்பவும் கூடத்தான் கட்டுவேன்."

டப்பாவின் மூடியில் வாங்கிக்கொண்டு உண்டேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

"ஒரு மகள். சென்னீர்குப்பத்தில் ஓர் உணவகத்துக்கு உள்ளமைப்பு செய்திருக்கிறாள்."

அதில் பொய் எதுவும் இல்லை.

"அப்படியா? திறந்ததும் குடும்பத்தோட வர்றோம் சார். விலையெல்லாம் எப்படி?"

தெரியாது என்றேன். "அப்பாவுக்கே தெரியலயா" என்று சிரித்தார். ரயில் வந்ததும் என்னை முன்னே ஏறவிட்டு, அம்பத்தூர் நெருங்கியபோது, "இதுதான், இறங்குங்க, மறுபடியும் யோசிச்சிட்டு நிக்காதீங்க" என்று அனுப்பிவைத்தார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளாதது எனக்கு இன்னும் குறையாக இருக்கிறது.

யூசுப் பாயின் பட்டறை தகரக் கூரை போட்ட ஒரு நீண்ட கொட்டகை. பற்றவைக்கும் ஒளியும், அரைக்கும் ஓசையும், காய்ச்சிய இரும்பின் மணமும் நிறைந்திருந்தன. குடையைக் கையில் மாட்டியபடி நான் உள்ளே நுழைந்தபோது அவர் வேலையை நிறுத்திவிட்டு, ஏதோ சொல்ல வந்தவர்போல் என்னைப் பார்த்தார். பிறகு, "டீ சொல்றேன்" என்று வெளியே போனார்.

தேநீர் குடித்தபடி கயலைப் பற்றிச் சொன்னார். அவள் தகடுகளை ஒவ்வொன்றாகச் சூரியனுக்கு நேரே பிடிக்கச் சொல்லித் தரையில் விழும் நிழலைப் பார்ப்பாளாம். "இத்த எடு, அத்தத் தள்ளுன்னு கத்திகினே இருக்கும். எனக்குக் கை கழண்டுடும். மத்தியானம் அதும் ஊட்டு சாப்பாட்டுல பாதி எனக்குத்தான். தேங்காப்பால்ல சோறு ஒண்ணு ஆக்கினு வரும் சார். சொல்லக்கூடாது, கொஞ்சம் சுமாரு."

அது எங்கள் ஊர் நாசி லெமாக். சுமார்தான், எங்கள் வீட்டில் சமையல் எவருக்கும் கைவந்ததில்லை. பட்டறையில் உட்கார்ந்து நான் சிரித்தேன். சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"தவறு என்று தெரிந்தும் அந்த உருவத்தை ஏன் அவ்வளவு நன்றாகச் செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"கொடப் பிடி மட்டும் மூணு தபா வளச்சேன் சார். வளைவு வரவேயில்ல." கேட்டதற்கு அது விடையில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "வாய்ல தப்புன்னு சொல்லிடலாம். பாப்பா போட்டத கை கொற வெக்குமா?"

மாலையில் என்னுடன் சென்னீர்குப்பத்துக்கு வந்தார். இருவரும் மேல்தளத்துக்குப் போனோம். நடுத்தளத்தை நிற்காமல் கடந்தேன். வைன் அறையின் கூரை வேண்டுமென்றே தாழ்த்தப்பட்டிருந்தது. அங்கே உரக்கப் பேசத் தோன்றவில்லை. பாட்டில்கள் சுவருக்குள் சரிந்து படுத்திருந்தன. அவற்றைக் குளிராக வைத்திருக்கும் கண்ணாடி அலமாரியின் வெளிச்சம்தான் அறைக்கும் வெளிச்சம். மேடைமுன் இருந்த உயர நாற்காலிகளில் முதுகு சாய இடமும், கால் பதிக்கக் கம்பியும் இருந்தன. நான் மது அருந்துவதில்லை. யூசுப் பாயும் அப்படியே. தனசேகர் வைன் கிண்ணங்களில் எங்களுக்கு எலுமிச்சை சோடா ஊற்றினார். மது அருந்தாத இருவர், மது அருந்தும் இடத்தை நெடுநேரம் உட்கார்ந்து சோதித்து, வசதியாக இருக்கிறது என்று முடிவு கூறினோம்.

அறைக்குத் திரும்பி யோசித்தேன். அளவு என்று சொன்னால் உருவம் போய்விடும். வேண்டுமென்றே வைத்தது என்றால் நான் கற்பித்த அனைத்தும் பொய். அது நான் என்று சொல்வதோ, மகள் செய்த இடத்தில் எனக்கொரு சிலை கேட்பதுபோல் கூச்சமாக இருந்தது. மேலும், அவள் என்னை நினைத்து வரைந்தாளா, அல்லது கை பழகிய உருவம் தானாக வந்து விழுந்ததா? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை.

மறுநாள், திறப்புநாள் காலை, வேலையாட்கள் எல்லாரும் கூடத்தில் நின்றார்கள். தனசேகர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"யூசுப் பாய் சொல்வதே சரி. வரைபடத்தில் அது அளவுக்காக நிற்கும் ஆள். கட்டுவதற்காகப் போடுவதில்லை."

தனசேகரின் முகம் விழுந்தது. ஆயினும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. "சரிங்க ஐயா. பாய், எடுத்துடுங்க."

வென்ற யூசுப் பாயிடம் மகிழ்ச்சி எதுவும் தெரியவில்லை. அரைக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு நடுத்தளத்துக்கு ஏறினார். நானும் ஏறினேன். மின் இணைப்புப் பலகை எங்கே இருக்கிறது என்று அவர் நெடுநேரம் தேடினார்; மாதக்கணக்கில் அவரே கருவி மாட்டி வேலை செய்த கட்டடம் அது. பிறகு கருவியின் மின்வடத்தை நீட்டினார், அது சிக்கியது, அதைப் பிரித்தார். முகக்கவசத்தை மாட்டினார், கழற்றித் துடைத்தார், மீண்டும் மாட்டினார். இரும்பு மனிதரின் காலடியில் குந்தினார். கருவி அலறத் தொடங்கியது.

"நிறுத்துங்கள்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கிட்டே போய் அவர் தோளைத் தொட்டேன். கருவி நின்றது.

"அது நான்."

கீழே நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு கையில் குடையோடு, மறு கையால் கம்பியைத் தொட்டபடி நான் நின்றிருந்தேன். என் பக்கத்தில் மற்றவரும் அப்படியே நின்றிருந்தார். படியில் ஓர் அடி வைத்த தனசேகர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

யூசுப் பாய் கவசத்தை நெற்றிக்கு ஏற்றினார். அவர் முகத்தில் வியப்பு இல்லை. அப்போதுதான் அவர் கையிலிருந்த கருவியைப் பார்த்தேன். அதில் வெட்டும் சக்கரம் மாட்டப்படவே இல்லை.

"நேத்து ஷெட்டுல நொழஞ்சீங்களே, அப்பவே தெரியும் சார்" என்றார் மெல்ல. "நாங்க சொன்னா நல்லா இருக்காது." பிறகு கூடத்தை நோக்கிக் குரலை உயர்த்தினார். "அண்ணாத்தே, அளவுக்குப் போட்டதுன்னும் சார் சொல்லிட்டாரு. பாப்பா யார வெச்சிதுன்னும் சொல்லிட்டாரு. இப்ப பிரியாணி யாரு வாங்கறது?"

நான் வாங்கினேன். பூந்தமல்லியிலிருந்து அண்டாவோடு வந்தது. எவரும் அமர்ந்திராத புது மேசைகளில் கொத்தனாரும், தச்சரும், வண்ணம் பூசியவர்களும் வரிசையாக உட்கார்ந்து உண்டார்கள். எங்கள் ஊர் நாசி கண்டார் சோற்றின் மேல் குழம்புகள் ஒன்றோடொன்று கலந்து ஓடும். இதில் சோறே மசாலாவை உள்ளே வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தது. இரண்டாம் முறை வாங்கி உண்டேன். "அந்த நாயையும் செஞ்சிருக்கலாம் பாய்" என்று தனசேகர் சொல்ல, ஒரு சிரிப்பு மூன்று தளங்களுக்கும் ஏறிப்போயிற்று.

சரோஜாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "எந்தக் குடை?" என்று கேட்டாள்.

"பழையது. மூங்கில் பிடி வைத்தது."

"அத நாந்தானே தூக்கிப் போட்டேன்."

"இங்கே இருக்கிறது" என்றேன்.

அன்று மாலை உணவகம் திறந்தது. உறவினர்களும் அக்கம்பக்கத்தவர்களும் வந்து நிறைந்தார்கள். குழந்தைகள் சுவரில் ஊரும் வெளிச்சக் காசுகளைப் பிடிக்க ஓடினார்கள். தனசேகர் எனக்கு நடுத்தளத்தில், கம்பியை ஒட்டிய மேசையைக் கொடுத்திருந்தார். மூன்று தளங்களில் நான் உட்காராமல் விட்டது அது ஒன்றுதான். அங்கிருந்து பார்த்தால் கீழே குடும்பங்கள் உண்பதும், மேலே கிண்ணங்கள் மின்னுவதும் ஒருசேரத் தெரிந்தன. அந்த உயரத்தில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

இளைஞர் ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே படியேறி வந்தார். கையில் தலைக்கவசம், பின்னால் நண்பர்கள். கம்பியருகே வழி குறுகலாக இருந்தது. இரும்பு மனிதரின் முதுகுக்குப் பின் நின்று, பேச்சை நிறுத்தாமலே, "கொஞ்சம் தள்ளிக்குங்க சார்" என்றார்.

அவர் சொன்னது என்னிடம் அன்று. ஆயினும் நான் எழுந்து, என் நாற்காலியைச் சற்று நகர்த்தி, அவருக்கு வழி விட்டேன்.